கோரைமுடியில் சூடு படாமல் கடற்கரை அலை: நம் மலேசிய ஈரக்காற்றில் நிற்குமா?

கயல்_செந்தூல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முதுகின் பாதியைத் தாண்டும் கோரைமுடி, அதாவது நெளிவே இல்லாத நேர்முடி. கொண்டை ஊசிகூட நிற்காமல் வழுக்கி விழும் வகை. விழா என்றாலே கர்லிங் அயர்ன் வைத்துச் சுருட்டி வந்ததில் நுனிமுடி பிளந்து, வெளிறி, சீவும்போது சிறு துண்டுகளாக ஒடிந்து சீப்போடு வருகிறது. ஆகவே கெட்டுப்போன நுனியை வெட்டிவிட்டேன். இனிச் சூடான கருவி எதையும் தலைப்பக்கம் கொண்டு செல்வதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். ஆனாலும் மாலை முழுவதும் கடற்காற்றில் இருந்துவிட்டு வந்தவர்களின் கூந்தலில் காணப்படும் அந்தத் தளர்ந்த அலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரவில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஒற்றைப் பின்னல் போட்டுப் படுத்து, காலையில் பிரித்தால் அலை வரத்தான் செய்கிறது. ஆனால் வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் மேல்பாதி நேராகிவிடுகிறது. கீழ்ப்பாதி மட்டும் கசங்கிய துணிபோல் நிற்கிறது. அடுத்த மாதம் அக்காவின் திருமண விருந்து, மண்டபம் பத்துமலைப் பக்கம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் எப்படியும் நள்ளிரவு ஆகிவிடும். பெர்ம் (மருந்து போட்டு நிலையாகச் சுருட்டுவது) செய்யாமல், சூடும் காட்டாமல், அதுவரை அலையை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா?

ஜோர்ஜ்டவுன்_சீப்பு எழுதியது:

கயல், உங்கள் பின்னல் இரவு முழுவதும் காயவே இல்லை. நான் பினாங்கில் சலூன் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவள். அலை நிற்கவில்லை என்று சொல்லி வருபவர்களில் பெரும்பாலோரின் தலையைத் தொட்டுப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மேலே காய்ந்திருக்கும், பின்னலின் உட்பக்கம் ஈரமாக இருக்கும். அடர்த்தியான முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டால் நம் ஊர்க் காற்றில் அதன் நடுப்பகுதி எட்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நிலையில் பிரித்தால், மிச்சமிருக்கும் ஈரம் காயும்போது முடி தன் பழைய வடிவத்தில்தான் காயும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது ஈரத்தின் அளவு. குளித்ததும் பின்னாதீர்கள். பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, முக்கால் பங்குக்கு மேல் காய விடுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், பிழிந்தால் கையில் நீர் ஒட்டக் கூடாது. அதுவே சரியான பதம். ஈரமான முடி காய்ந்த முடியைவிட அதிகம் இழுபடும், எளிதில் அறும் என்பதால் இது முடியின் நலனுக்கும் நல்லது.

அடுத்தது பிரிக்கும் முறை. ஒற்றைப் பின்னல் வேண்டாம். அடர்த்தியைப் பொறுத்து நான்கு முதல் ஆறு பகுதிகளாகப் பிரியுங்கள். எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை. ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால்தான் நீங்கள் கேட்கும் அந்த ஒழுங்கற்ற அழகு வரும். மூன்று கால் பின்னல் போட்டால் முடி நெளிநெளியாகக் கோணலாகத்தான் வரும். கோரைமுடியில் அது உடனே கண்ணில் படும், பள்ளிக்கூடப் பின்னலைப் பிரித்தது என்று பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கால் முறுக்கு இன்னும் நல்லது. ஒரு பகுதியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கி, பிறகு ஒன்றோடொன்று இடப்பக்கமாகச் சுற்றுங்கள். வளைவு உருண்டையாகவும் நீளமாகவும் வரும். முகத்தை ஒட்டிய இரண்டு பகுதிகளையும் முகத்திலிருந்து விலகும் திசையில் முறுக்குங்கள். மற்றவற்றைத் திசை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

முறுக்கைக் காதின் உயரத்திலிருந்து தொடங்கினால் போதும். கடைசி இரண்டு அங்குல நுனியை முறுக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். நுனிவரை சுருண்டால் அது விருந்துச் சுருள். நுனி நேராக நின்றால்தான் கடற்கரை அலை. சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு ஆற்றுமணலின் அறலை, அதாவது நீரோட்டம் மணலில் விட்டுச் செல்லும் நெளிவை, உவமை சொன்னார்கள் அல்லவா, நாம் தேடுவதும் அவ்வளவு மென்மையான வளைவுதான்.

காலையில் அவிழ்ப்பதற்கு முன் முறுக்கின் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே குளிர்ச்சி இருந்தால் இன்னும் நேரம் கொடுங்கள். ஹேர் டிரையரில் குளிர்காற்றை மட்டும் வைத்து முறுக்கின் மேல் காட்டலாம், அதில் சூடு இல்லை.

வேதியியல்_ஆசிரியர்_செராஸ் எழுதியது:

மேலே அக்கா சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றக் குழப்பங்கள் பலவும் தாமாகத் தீரும்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டு. ஒன்று கந்தகப் பிணைப்பு. வலுவானது, நீருக்கு அசையாது, பெர்ம் மருந்து போன்ற வேதிப்பொருளால்தான் அது உடையும். மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே பலவீனமானது என்றாலும் எண்ணிக்கையில் ஏராளம். முடி நனையும்போது நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து இந்த இரண்டாம் வகைப் பிணைப்புகளைப் பிரித்துவிடுகின்றன. முடி காயும்போது, அந்நேரத்தில் அது எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே அவை மீண்டும் கூடுகின்றன. சூடில்லாமல் அலை செய்யும் முறைகள் எத்தனை இருந்தாலும், பின்னல், முறுக்கு, ரோலர், துணிப்பட்டை எல்லாமே இந்த ஒரே நிகழ்வைத்தான் நம்பி நிற்கின்றன.

கர்லிங் அயர்னும் இதே பிணைப்புகளைத்தான் மாற்றுகிறது. ஆனால் 150 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, நீரை வேகமாக விரட்டி அந்த வேலையைச் செய்கிறது. ஈரம் மிச்சமிருக்கும் முடியில் அதை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முடித்தண்டுக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி ஒடியும். கயலின் சீப்பில் சிறு துண்டுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது நம் ஊர்ச் சிக்கலுக்கு வருவோம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். முடி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். முழு ஈரக்காற்றில் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்கு நீரை ஏற்கும். முடியின் இந்தக் குணம் எவ்வளவு நம்பகமானது என்றால், 1783இல் சோசூர் என்னும் சுவிஸ் அறிவியலாளர் மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியை அமைத்தார். அதே குணம்தான் கயல் எல்ஆர்டிக்கு நடக்கும்போது அவருடைய அலையைக் குலைக்கிறது: நீர் உள்ளே போகிறது, பிணைப்புகள் விடுபடுகின்றன, முடி தன் இயல்பான நேர்வடிவத்துக்குத் திரும்புகிறது. ஆகவே இரவில் நீரை முழுவதும் வெளியேற்றுவது பாதி வேலைதான். பகலில் நீர் மீண்டும் உள்ளே போவதைத் தாமதப்படுத்துவது மீதிப் பாதி.

அம்மா_பட்டர்வொர்த் எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் நன்றாக விளக்குகிறீர்கள். எனக்கு ஒரு ஐயம் உண்டு. நாங்கள் சிறுவயதிலிருந்து தேங்காய் எண்ணெய் தடவித்தான் பின்னுவோம். எண்ணெய் வைத்த தலை வறளாது, பின்னலும் அடங்கி நிற்கும். அப்படியிருக்க, கயல் எண்ணெய் தடவிப் பின்னிவிட்டால் ஈரம் உள்ளே போகாமல் இருக்குமே? இன்னொன்று, ஈரத்தலையோடு படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாம்பிராணிப் புகை காட்டி ஆற்றிய பிறகுதான் எங்களைப் படுக்கவே விடுவார்கள்.

ஜோர்ஜ்டவுன்_சீப்பு எழுதியது:

அம்மா, தேங்காய் எண்ணெய் நல்லது என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. 2003இல் ரேலே, மோஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அது முடித்தண்டுக்குள் இறங்கும் தன்மை உடையது. ஆனால் அலைக்காக வைக்க வேண்டிய நேரம் வேறு. குளிப்பதற்கு முன், முடிந்தால் முதல் நாள் இரவே தடவி ஊறவிட்டு, பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். அலசிய தலையில் மீண்டும் எண்ணெய் தடவிப் பின்னினால், கோரைமுடி எண்ணெயின் பாரத்தால் தொங்கி, அவிழ்த்த சிறிது நேரத்திலேயே நேராகிவிடும். கண்டிஷனரும் அப்படித்தான், வேரில் போடாமல் நுனிக்கு மட்டும் போட்டு அலசுங்கள்.

ஈரத்தலை பற்றிப் பெரியவர்கள் சொன்னது சரியே. உச்சந்தலை இரவு முழுவதும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் பொடுகும் அரிப்பும் உள்ளவர்களுக்கு அவை கூடும், தலையில் ஒரு புழுங்கிய நாற்றமும் தங்கிவிடும். அதனால்தான் வேர்ப்பகுதி முழுவதும் காய்ந்த பிறகே முறுக்கச் சொல்கிறேன்; தண்டிலும் நுனியிலும் மட்டும் ஈரம் இருந்தால் போதும். வேர் காய்ந்துவிட்டு நுனியும் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டதென்றால், நுனியில் மட்டும் நீரைத் தெளித்துக்கொள்ளலாம்.

பத்துஃபிரிங்கி_அலை எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? கடற்கரை அலை என்று பெயரே இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை கடலில் நீந்திவிட்டு வந்தால் என் முடி தானாகவே அலையாகிவிடுகிறது. உப்புநீர் ஸ்பிரே ஒன்று வாங்கித் தெளித்தாலோ, கடல்நீரையே போத்தலில் பிடித்து வந்தாலோ வேலை முடிந்துவிடும்.

வேதியியல்_ஆசிரியர்_செராஸ் எழுதியது:

இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். உப்புநீர் காயும்போது முடியின் மேல் நுண்ணிய உப்புப் படிகங்கள் படிகின்றன. அவை முடிக்குச் சொரசொரப்பைத் தந்து, ஒன்றோடொன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளச் செய்கின்றன. உலர்ந்த காற்று உள்ள ஊர்களில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். அடுப்பங்கரையில் மூடி திறந்து வைத்த உப்பு ஜாடி மழைநாளில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதே உப்பைத் தலையில் தெளித்துக்கொண்டு வெளியே போனால், நாமே ஈரத்தை அழைத்து முடிக்குள் வைக்கிறோம். கடல்நீரைப் பிடித்து வருவதிலோ மணலும் அழுக்கும் சேர்ந்து வரும்; ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது ஏற்கெனவே நுனி பிளந்த முடிக்கு அதிகம்.

உங்களுக்குத் தானாக அலை வருகிறது என்றால், உங்கள் முடியிலேயே இயல்பான நெளிவு இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மவர்களில் பலருக்கு அது உண்டு, வாரி வாரி நேராக்கி வைத்திருப்பதால் தெரியாமல் இருக்கும். கயலுக்கு இருப்பது உண்மையான கோரைமுடி.

பத்துஃபிரிங்கி_அலை எழுதியது:

உப்பு ஜாடி விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது, ஐயா. ஆனால் குளிர்சாதன வசதியுள்ள மண்டபத்துக்குள் இருக்கும்வரை உப்பு ஸ்பிரே நன்றாகவே நிற்கிறது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். வாகனத்தில் ஏறி வாகனத்தில் இறங்குபவர்கள் சிறிதளவு பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து. 250 மில்லி நீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு போடாமல், வேரில் படாமல், நடுமுடியில் மட்டும் தெளித்தால் வறட்சியும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

மல்லிகா_பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

உப்புக்குப் பதிலாக, நம் வீட்டில் தலைக்குத் தேய்க்கும் வழவழப்பான தாளியைச் சொல்ல விரும்புகிறேன். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பு, ஊறவைத்த வெந்தயத்தின் பிசின், ஆளிவிதையைக் கொதிக்க வைத்தால் வரும் கூழ், எல்லாம் ஒரே வகைப் பொருள்தான். முடியின்மேல் மெல்லிய படலமாகக் காய்ந்து வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த நாட்டின் தேசிய மலரே செம்பருத்தி, ஆகையால் இலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் செம்பருத்தியும் வெந்தயமும் வடிகட்டிய பிறகும் துகளை விட்டுச் செல்லும், காய்ந்ததும் அது பொடுகுபோல் தெரியும். ஆகவே அலைக்கு நான் ஆளிவிதையைத்தான் எடுப்பேன்.

கால் கோப்பை விதைக்கு இரண்டு கோப்பை நீர் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். முதலில் நுரைக்கும். பிறகு நுரை அடங்கி, கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போல் நூலாக இழுபடும். அந்த நொடியில் அடுப்பை அணைத்துச் சூட்டோடு சூடாக வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் இறுகிவிடும், வடிகட்டியில் ஒரு சொட்டும் இறங்காது. மெல்லிய காலுறைத் துணியில் ஊற்றிப் பிழிவது எளிது. குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். நாற்றம் மாறினால் கொட்டிவிடுங்கள். பாதி காய்ந்த முடியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு நெல்லி அளவு போதும்.

கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: பொருள் பட்டியலில் கிளிசரின் முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அந்த ஜெல்லை அலைக்கு வாங்க வேண்டாம். கிளிசரின் ஈரத்தை ஈர்க்கும் பொருள். நம் காற்றில் அதுவும் உப்பு செய்யும் அதே வேலையைத்தான் செய்யும். கற்றாழை ஜெல் என்று பச்சை டப்பாவில் விற்பவற்றில் பலவற்றில் அது இருக்கிறது.

கயல்_செந்தூல் எழுதியது:

அக்கா, ஐயா, அனைவருக்கும் நன்றி. ஆளிவிதைக் கூழோடு இரண்டு கால் முறுக்குப் போட்டுப் பார்த்தேன். அறையில் ஏர்கோன் போட்டுப் படுத்தபோது காலையில் விரலை நுழைத்தால் உள்ளேயும் காய்ந்திருந்தது. மின்விசிறி மட்டும் போட்டுப் படுத்தபோது உள்ளே குளிர்ச்சி தெரிந்தது. அலை மதியம் வரை நிற்கிறது, இது முன்பு இல்லாத முன்னேற்றம். ஆனால் முடி விறைப்பாக, தொட்டால் சரசரவென்று ஒலிக்கிறது. வகிட்டின் இருபுறமும் முறுக்கின் இழுப்பால் வலியும் இருந்தது.

ஜோர்ஜ்டவுன்_சீப்பு எழுதியது:

வலி இருந்தால் இறுக்கம் அதிகம், அதை உடனே குறையுங்கள். இறுக்கிக் கட்டும் பழக்கம் தொடர்ந்தால் நெற்றியோரத்திலும் வகிட்டிலும் மயிர்க்கால்கள் நலிந்து, முடி உதிர்ந்து, நாளடைவில் திரும்ப வளராமலும் போகலாம். சூட்டிலிருந்து முடியைக் காப்பாற்றிவிட்டு வேரை இழந்தால் என்ன பயன்? முறுக்கின் தொடக்கத்தில் ஒரு விரல் தளர்வாக நுழைய வேண்டும். ரப்பர் வளையம் வேண்டாம், துணிப்பட்டையால் கட்டுங்கள். தலையணைக்குச் சாட்டின் உறை போட்டால் உராய்வு குறையும்.

சரசரப்பு கூழின் படலம்தான். அது கெடுதல் இல்லை. முறுக்கை அவிழ்த்ததும் விரலால் கோதிவிடாதீர்கள். அப்படியே பத்து நிமிடம் தொங்க விடுங்கள். பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெயைத் தேய்த்து, கை பளபளக்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்குங்கள். படலம் உடைந்து மென்மையாகிவிடும், வளைவு அப்படியே இருக்கும். சீப்பு வேண்டவே வேண்டாம்.

ஏர்கோன் பற்றி நீங்கள் கண்டது மிகச் சரி. அது காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. வீட்டில் ஏர்கோன் இல்லாதவர்கள் மாலையிலேயே குளித்து, முறுக்குகளை இன்னும் மெல்லியதாகப் போட்டு, நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆயர்ஈத்தாம்_வாசகி எழுதியது:

நான் வெளியே செல்லும்போது துடோங் (தலைமுக்காடு) அணிபவள். பெண்கள் மட்டும் கூடும் வீட்டு விருந்துகளில் கூந்தலை அலையாக விட விரும்புவேன். துடோங்குக்குள் முறுக்கோடு போய் அங்கே அவிழ்க்கலாமா? மேலும் நான் ஈராண்டுகளுக்கு முன் ரீபாண்டிங் செய்திருக்கிறேன்; நுனிப்பகுதியில் அலை பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

வேதியியல்_ஆசிரியர்_செராஸ் எழுதியது:

ரீபாண்டிங்கில் நான் முன்பு சொன்ன கந்தகப் பிணைப்புகளையே உடைத்து, முடியை நேராக்கி, அந்த நிலையில் மீண்டும் பூட்டிவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பகுதி நிலையாக நேராகவே இருக்கப் பார்க்கும். ஹைட்ரஜன் பிணைப்பு அங்கேயும் வேலை செய்யும் என்றாலும் அலை சீக்கிரம் தளரும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஈராண்டுகளில் உங்களுக்கு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் புதிய முடி வந்திருக்கும். அலை அங்கே நன்றாகப் பிடிக்கும். எக்காரணம் கொண்டும் பழைய பகுதியின் மேல் பெர்ம் செய்யச் சம்மதிக்காதீர்கள். ஒருமுறை உடைத்த பிணைப்பை மறுபடி உடைத்தால் முடி கையோடு வந்துவிடும்.

ஜோர்ஜ்டவுன்_சீப்பு எழுதியது:

தங்கை, துடோங்குக்குள் முறுக்கோடு செல்வது நல்ல வழி, ஒரே ஒரு நிபந்தனை: முடி முழுவதும் காய்ந்த பிறகே மூட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் வெளியேற வழி இல்லை. காய்ந்த முறுக்கைத் தட்டையாகச் சுற்றி ஊசி குத்திவிட்டு, பருத்தி உள்முக்காடு அணிந்து, அதன்மேல் துடோங் கட்டுங்கள். வியர்வையைப் பருத்தி உறிஞ்சிக்கொள்ளும். மோட்டாரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

கயல், விருந்து நாளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள் மாலையே எண்ணெய் முழுவதும் போகும்படி தலைக்குக் குளித்து, வேரை ஆற்றி, கூழ் தடவி முறுக்கிவிடுங்கள். மறுநாள் காலையில் அவிழ்க்க வேண்டாம். பகல் முழுவதும் முறுக்கோடே இருங்கள், வீட்டில் நெருங்கிய உறவினர்தானே இருப்பார்கள். புடவை கட்டி, நகை அணிந்து, மண்டபத்துக்குள் போன பிறகு அங்குள்ள குளிர்சாதன அறையில் அவிழ்த்துக் கசக்குங்கள். வெளியே வாழைமரத்துக்கு அருகே நின்று புகைப்படம் எடுப்பதை முதலில் வைக்காமல், உள்ளே எடுக்க வேண்டியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூ வைப்பதில் ஒரு கவனம் தேவை. கடையில் வாங்கும் மல்லிகைச் சரம் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து இலையில் கட்டித் தருவார்கள். அதை அப்படியே அலையின்மேல் வைத்தால், நீர் இறங்கும் இடத்தில் மட்டும் முடி நேராகி, பின்பக்கம் ஒரு பட்டையாகத் தெரியும். சரத்தை முன்னதாகவே பிரித்து, பருத்தித் துணியின்மேல் பரப்பி, மேலே இன்னொரு துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பிறகு அலை தொடங்கும் இடத்துக்கு மேலே, நேராக இருக்கும் உச்சிப்பகுதியில் வைத்து இரண்டு ஊசிகளைக் குறுக்காகக் குத்திவிடுங்கள். உங்கள் கோரைமுடியில் ஒற்றை ஊசி நிற்காது.